எங்கேயாவது ஒரு நல்ல இடம்

மாசி மாதத்தில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். திருச்சி வீட்டை விற்றாயிற்று, மகனோடு பெங்களூர் அடுக்ககத்துக்குப் போகப்போகிறார்கள். எல்லாம் முடிவாகிவிட்டது, ரோஸி மட்டும்தான் பாக்கி. 11 வயது பொமரேனியன். ஒரு கண்ணில் புரை, பாதிப் பல் கிடையாது. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தால்தான் சாப்பிடும்.

"நீ இந்த நாய் சமாச்சாரம்லாம் படிக்கிறியே, ப்ளூ கிராஸ் மாதிரி எங்கேயாவது நல்ல இடமாப் பாத்து விட்டுடலாமாடா? அவங்க பாத்துப்பாங்கள்ல?"

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அக்கா கல் மனசுக்காரி இல்லை. ரோஸிக்கு இரண்டு முறை ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தவள். அவள் மனதில் ஓர் இடம் இருக்கிறது. சுவர் உண்டு, மரம் உண்டு, வெள்ளைக் கோட்டு டாக்டர் உண்டு. உள்ளே போகும் நாயை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார். நம் எல்லோர் மனதிலும் இப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. அதை யார், எப்போது, எதற்காகக் கட்டினார்கள், உள்ளே போன பிராணிகளுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தால், அந்தச் சுவருக்குப் பின்னால் நாம் நினைக்காத பல சங்கதிகள் இருக்கின்றன.

வழக்கமாக இந்தக் கதையை அசோகரிடமிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததாக வருகிறது. சோழர், பாண்டியர் நாடுகளிலும் என்று பெயர் சொல்லியே வருகிறது. இதை வைத்து 'உலகின் முதல் விலங்கு மருத்துவமனை நம்முடையது' என்று வாட்ஸப்பில் பெருமை சுற்றுகிறது. கல்வெட்டைப் படித்தால் அதில் கட்டடம் எதுவும் இல்லை. மூலிகை கிடைக்காத இடங்களுக்கு மூலிகை கொண்டுபோய் நட்டது, வழியில் கிணறு வெட்டியது, மரம் வைத்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம். ஆனால் சுவரும் கூண்டும் வைத்த ஓர் இடத்தைக் கண்ணால் பார்த்து ஒருவர் விவரமாக எழுதியதைப் படிக்க நாம் குஜராத்தின் காம்பே துறைமுகத்துக்குப் போகவேண்டும்.

1580களில் அங்கே வந்த ரால்ஃப் பிட்ச் என்ற ஆங்கிலேய வணிகர், ஆடு, நாய், பூனை, பறவைகளுக்கெல்லாம் இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றும், கிழடு தட்டியவற்றையும் முடமானவற்றையும் சாகும்வரை வைத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். அவருக்கு அது விநோதம். 1623-இல் வந்த பியெத்ரோ டெல்லா வாலே இன்னும் நிதானமாகப் பார்த்தார். ரோமாபுரிப் பிரபு. மனைவி பாரசீகத்தில் இறந்துபோக, அவள் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து, இந்தியா முழுக்கத் தன்னோடு கொண்டு திரிந்தவர். சில வருஷம் கழித்து ரோமில்தான் அடக்கம் செய்தார். அப்படிப்பட்ட மனிதர் காம்பேயின் பறவை ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார். கோழி, புறா, மயில், சின்னச்சின்னக் குருவிகள். ஒரு மூலையில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாயில்லாத எலிக்குஞ்சுகளைப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டு, பறவை இறகால் பால் புகட்டிக்கொண்டிருக்கிறார். வளர்ந்ததும் விட்டுவிடப் போகிறாராம்.

டெல்லா வாலே எழுதிய இன்னொரு விஷயத்தை அநேகர் கவனிப்பதில்லை. குணமான பறவை காட்டுப் பறவையாக இருந்தால் பறக்க விடுகிறார்கள். வீட்டில் வளர்ந்ததாக இருந்தால் பக்தியுள்ள யாரிடமாவது கொடுத்து, அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்று நாம் 'அடாப்ஷன்' என்று இன்ஸ்டாகிராமில் போடும் காரியம் 400 வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. பக்கத்துக் கொட்டிலில் ஆடுகளோடு ஒரு மனிதனையும் பார்த்திருக்கிறார். திருட்டுக்காக இரண்டு கையும் வெட்டப்பட்டவன். பட்டினியில் சாகவேண்டாமென்று அவனையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்தல், பார்த்தல், ஒரு வீடு தேடுதல் என்ற மூன்றும் அங்கே ஒரே ஆள் கையில் இருந்தன. எலிக்குஞ்சுகள் எத்தனை இருந்திருக்கும்? ஏழெட்டு இருக்கலாம். ஒரு கிழவர், ஓர் இறகு என்ற அளவுக்கு அது கட்டுப்பட்டது. பெருநகரம் என்று ஒன்று வந்தபோதுதான் எல்லாம் மாறியது.

பம்பாய், 1832. கம்பெனி ஆட்சி தெருநாய்களைக் கொல்ல 1813-லேயே விதி போட்டிருந்தது. வருஷத்தில் வெயில் காலத்தில் கொஞ்ச நாள், மழைக்குப் பின் கொஞ்ச நாள். அந்த வருஷம் போலீஸ் மாஜிஸ்திரேட் கோடைக் கெடுவை ஜூன் மாதத்துக்குள்ளும் நீட்டினார். நாய் ஒன்றுக்கு 8 அணா கூலி. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் என்ன நடக்கும்? தெருநாய் எது, வீட்டுநாய் எது என்று பார்க்க யாருக்கு நேரம்?

ஜூன் 6-ஆம் தேதி கோட்டைப் பகுதியில் நாய் பிடிப்பவர்களைப் பார்ஸிகள் அடித்து விரட்டினார்கள். மறுநாள் கடையடைப்பு. ஜைன, இந்து வணிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்துக்குப் போகும் ரொட்டியும் கறியும் நடுவழியில் நின்றன. கலகச் சட்டத்தை வாசித்துப் படையை இறக்கித்தான் அடக்கவேண்டியிருந்தது. பார்ஸிகளுக்கு நாய் வெறும் நாயில்லை. இறந்தவரின் உடலை நாயின் கண்ணுக்குக் காட்டும் 'சக்தீத்' சடங்கு நடந்தால்தான் சாவு முழுமையாகும். புருவத்தின் மேல் இரண்டு புள்ளி கொண்ட நாலுகண் நாய் அதற்கு விசேஷம். அவர்கள் வேதத்தில் நாயை அடிப்பவனுக்குத் தனித் தண்டனையே இருக்கிறது.

கலவரத்தை ஆறவைக்க முன்வந்தவர் ஜம்சேத்ஜி ஜீஜீபாய். சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்து, காலி பாட்டில் வியாபாரத்தில் தொடங்கி, சீனாவுக்கு அபின் அனுப்பிக் கோடீஸ்வரர் ஆனவர். அவரும் மோதிசந்த் அமிசந்த் என்ற ஜைன வணிகரும் சேர்ந்து 1834-இல் பம்பாய் பிஞ்ஜ்ராபோலை நிறுவினார்கள். கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. செலவுக்கு வணிகர்கள் தங்கள் சரக்கின்மீது தாங்களே ஒரு மகமை போட்டுக்கொண்டார்கள். கான்டனில் மனிதர்களை அழித்த அபின் பணத்தில் பூலேஷ்வரின் கிழட்டு நாய்க்குச் சோறு. வரலாறு சில சமயம் இப்படித்தான், முகத்தைச் சுளிக்கவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

பிஞ்ஜ்ரா என்றால் கூண்டு. கிளிப்பஞ்சரம் என்கிறோமே, அதே சொல். சென்னையிலும் அயனாவரம் கொன்னூர் நெடுஞ்சாலையில் 100 வருஷத்துக்கும் மேலாக ஒரு பிஞ்ஜ்ராபோல் இருக்கிறது, பெரும்பாலும் மாடுகள். இந்த ஸ்தாபனங்களின் தர்மம் ஒரே வரிதான்: கொல்லக்கூடாது. முதுகெலும்பு முறிந்து புழு வைத்த நாயாக இருந்தாலும் அதன் உயிர் தானாகப் பிரியவேண்டும், அதன் கர்மத்தில் நாம் குறுக்கிடக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே போய்ப் பார்த்த வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது கருணையா சித்திரவதையா என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் இனத் திமிர் இருந்தது, உண்மையும் இருந்தது. காம்பேயின் கிழவர் ஒரு பெட்டிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டார். பம்பாயில் ஒரு நகரம் தன் நாய்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது. எத்தனை மகமை வந்தாலும் ஈடுகொடுக்க முடியாது.

சரி, அந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள்?

1860-இல் வடக்கு லண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கேலி செய்தார்கள். ஏழைக் குழந்தைகள் தெருவில் சாகும்போது நாய்க்கு இல்லமா என்றார்கள். இதே கேள்வியை இன்றும் ஃபேஸ்புக்கில் தினம் பார்க்கலாம், ஒரு வார்த்தை மாறவில்லை. இரண்டு வருஷம் கழித்து சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. இஸ்லிங்டனில் நடந்த உயர்சாதி நாய்க் கண்காட்சியையும் பக்கத்திலேயே ஹாலோவேயில் இருந்த இந்த இல்லத்தையும் அருகருகே வைத்துப் பேசியது. கேலி குறைந்தது, பணம் வந்தது. டீல்பி 1865-இல் இறந்துபோனார். 1871-இல் இல்லம் பேட்டர்சீக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் டீல்பி இறந்து இரண்டு வருஷத்தில் ஒரு சட்டம் வந்து இல்லத்தின் சுபாவத்தையே மாற்றிவிட்டது. 1867-ஆம் வருஷத்துத் தெருச் சட்டம் அநாதையாகத் திரியும் நாயைப் பிடிக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. பிடித்த நாய்கள் எங்கே போகும்? இல்லத்துக்குத்தான். மூன்று நாள் வைத்திருப்பார்கள். உரியவர் வந்தால் சரி, வாங்க ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் கொன்றுவிடுவார்கள். கருணை இல்லமாக ஆரம்பித்தது போலீஸ் பவுண்டாக ஆகிவிட்டது. இல்லத்தாருக்கே அது உறுத்தியிருக்கவேண்டும். நோகாமல் கொல்ல வழி தேடினார்கள். பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற பெரிய மருத்துவர், மயக்க மருந்து ஆராய்ச்சியில் பேர் போனவர், 1884-இல் ஓர் அறையை வடிவமைத்துக் கொடுத்தார். பல நாய்களைக் கூண்டில் ஏற்றி உள்ளே தள்ளினால், குளோரோபார்மும் கரியமில வாயுவும் கலந்த காற்றில் அவை தூங்கியபடியே செத்துப்போகும். அதற்கு வைத்த பெயர் 'லீத்தல் சேம்பர்'. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் சென்னையில் மறுபடி வரும்.

ஆக 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகத்தில் இரண்டு வகைக் கருணை இருந்தது. ஒன்று கொல்ல மறுத்தது, வலியைப் பார்க்காமல் இருந்தது. இன்னொன்று வலியைப் பார்த்தது, உயிரைப் பார்க்காமல் இருந்தது. காம்பேக்காரர் செய்த அந்த மூன்றாவது காரியம், அதாவது 'இதை உன் வீட்டில் வைத்துக்கொள்கிறாயா?' என்று ஒருவரைக் கேட்பது, இரண்டு பக்கமும் ஓரத்துக்குப் போய்விட்டது.

இதில் வெறிநோயைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. நாயைக் கொன்ற எல்லா நகரங்களும் கொடூரத்தால் மட்டும் கொல்லவில்லை, பயத்தால் கொன்றன. அந்தப் பயம் நியாயமானது. கடித்து வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். அதன்பின் பிழைத்தவர் அநேகமாக யாருமில்லை. 1885-இல் பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடித்த பிறகும், இந்தியாவில் கடிபட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பாரீஸ்தான் கதி. 1902-இல் நீலகிரியில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்ததையொட்டி எழுந்த கோரிக்கையாலும், ஹென்ரி பிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரரின் நன்கொடையாலும் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. அங்கிருந்து வந்த ஊசிதான் தமிழ்நாட்டின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்த 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2005 வாக்கில்தான் கைவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெரியப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் குறைவு.

பிஞ்ஜ்ராபோல் தர்மத்தையும் இந்தப் பயத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியவர் காந்தி. 1926-இல் அகமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாய் தன் மில் வளாகத்தில் சுற்றிய 60 நாய்களைக் கொல்லச் செய்தார். ஊர் கொதித்தது. ஜைன நகரம் அல்லவா. சாராபாய் ஆசிரமத்துக்குப் போய் காந்தியிடம் கேட்டார். வேறென்ன செய்திருக்க முடியும் என்கிற மாதிரி காந்தி பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வசைக் கடிதங்கள் குவிந்தன. காந்தி பின்வாங்கவில்லை. 'இது மனிதாபிமானமா?' என்ற பொருளில் தலைப்பிட்டு 'யங் இந்தியா'வில் வாரக்கணக்கில் தொடர் எழுதினார். அகமதாபாத் சிவில் ஆஸ்பத்திரிக்கு 1925-இல் நாய்க்கடியோடு வந்தவர்கள் 1,117 பேர் என்று கணக்குக் கொடுத்தார். அவருடைய வாதத்தில் நாயைக் கொல்வதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உரியவன் இல்லாத நாய் தெருவில் திரிவது அந்தச் சமூகத்தின் தயையைக் காட்டவில்லை, அலட்சியத்தைக் காட்டுகிறது. தெருநாய்க்கு ஒரு பிடி சோறு வீசுகிறவன் புண்ணியம் தேடுகிறானே தவிர நாய்க்குப் பொறுப்பு ஏற்கவில்லை. இரக்கம் இருந்தால் வீட்டில் கட்டி வளர்க்கட்டும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு போடும் அந்தக் கை இல்லாவிட்டால் நம்மூர்த் தெருவில் வேறென்ன மிச்சம் இருக்கிறது? ஆனால் அக்காவின் போனுக்குப் பிறகு திரும்பப் படித்தபோது, சங்கடத்தோடு தலையாட்டத் தோன்றியது.

சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதே, அது எப்போது நாய் பூனைக்கு வந்தது? கால்நடை மருத்துவம் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. ஐரோப்பாவின் முதல் கால்நடைப் பள்ளி லியோன் நகரில் 1760களில் தொடங்கியது குதிரைக்காகவும் மாட்டுக் கொள்ளைநோய்க்காகவும்தான். பம்பாய்க் கல்லூரி 1886, சென்னை வேப்பேரி கல்லூரி 1903. இரண்டுக்கும் உழவு மாடும் பட்டாளக் குதிரையும்தான் முதல் நோக்கம். நாய்க்கு வைத்தியம் என்பது பணக்காரர் சங்கதி. லண்டனில் 1917-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, மரியா டிக்கின் என்ற பெண்மணி வைட்சேப்பல் சேரியில் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். கூட்டம் தாங்கவில்லை. படித்த மருத்துவர்கள், பட்டம் இல்லாதவர்கள் எப்படி வைத்தியம் பார்க்கலாம் என்று சண்டைக்கு வந்தார்கள். ஏழை தன் பிராணியை நேசிக்க மாட்டான் என்று அதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழைக்குப் பீஸ் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்று காலையில் வேப்பேரிக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டோவில் துணி சுற்றிக் கொண்டுவந்த நாட்டுநாயும் காரில் வந்த லேப்ரடாரும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்.

சென்னைக்கு வந்துவிட்டோம். கார்ப்பரேஷன் நாய் வண்டியை 50 வயதுக்கு மேற்பட்ட சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சுருக்குக் கம்பி, கூண்டு வண்டி, பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும் பையன்கள். பிடித்த நாய்கள் பேசின் பிரிட்ஜுக்குப் போகும். அங்கே மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அந்த இடத்துக்கு லீத்தல் சேம்பர் என்றே பெயர். ரிச்சர்ட்சனின் அறையில் குளோரோபார்ம் இருந்தது. பெயர் கடல் தாண்டி வந்தது, குளோரோபார்ம் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாகத்தான் 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர், அலுவலகம் சென்னையில். அவ்வளவு கருணையோடு பிறந்த சட்டத்தின் 11-ஆம் பிரிவில், எவையெல்லாம் வதை ஆகாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வரி: தெருநாய்களை லீத்தல் சேம்பரில் அழிப்பது. அந்த வரி இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

இதே காலத்தில் தி.நகரில் கேப்டன் சுந்தரம் என்ற விமானி இருந்தார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்து சாதனை படைத்தவர்கள். 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். வீடே ஆஸ்பத்திரி, குடும்பமே ஊழியர்கள். 1964-இல் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்று பதிவு செய்தார்கள்.

தூக்கிவந்த குட்டிகளோடு நின்றிருந்தால் அவர்களும் இன்னொரு பிஞ்ஜ்ராபோல் ஆகியிருப்பார்கள். ஆனால் சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா இன்ஜினியர். அவர் கேட்டது இன்ஜினியர் கேள்வி. இத்தனை வருஷமாகக் கொன்றும் நாய் ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் நாயைப் பிடித்துப் போனால், அங்கே கிடக்கிற குப்பைக்கும் எச்சில் சோற்றுக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்து சேர்கிறது. மிச்சமிருக்கும் பெட்டை போடும் குட்டிகளுக்குப் போட்டி குறைந்து அதிகம் பிழைக்கின்றன. கொல்வது தொட்டியில் தண்ணீரை இறைத்துக்கொண்டு குழாயைத் திறந்து வைத்திருப்பது போல. குழாயை மூட வேண்டும்: பிடி, கருத்தடை செய், வெறிநோய் ஊசி போடு, அதே தெருவில் விடு. 1964-இல் இதை மாநகராட்சியிடம் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. சரி, நாங்களே செய்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். இந்தத் திட்டத்துக்கு ஏ.பி.சி. என்று பெயர் வைத்ததே, அரிச்சுவடி மாதிரி சுலபம், அதிகாரிகளுக்கும் புரியும் என்றுதான் என்று சின்னி கிருஷ்ணா பின்னாளில் சொல்வதுண்டு. புரிய 30 வருஷத்துக்கு மேல் ஆனது. 1990-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நூலே வெறுமனே நாயை அகற்றுவதால் பயனில்லை என்று சொன்ன பிறகும் சென்னையில் கொலை தொடர்ந்தது. 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது ப்ளூ கிராஸ் தரப்பின் கணக்கு. 1995-இல் நகரின் ஒரு பகுதியில் சோதனையாகவும், 1996-இல் முழு நகரத்துக்கும் மாநகராட்சி கருத்தடையை ஏற்றுக்கொண்டு கொலையை நிறுத்தியது. 2001-இல் நாடு முழுவதுக்கும் அது விதியானது. நாய் கொன்ற அதே பேசின் பிரிட்ஜில் இப்போது மாநகராட்சியின் கருத்தடை மையம்.

இதைப் பெரிய வெற்றிக் கதையாக எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அப்படி இல்லை. கருத்தடை பலிக்க வேண்டுமென்றால் ஒரு பகுதியின் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறுகிய காலத்தில் செய்துமுடிக்க வேண்டும். பாதி செய்து பாதி விட்டால் அடுத்த வருஷமே பழையபடி. பெரும்பாலான ஊர்களில் பாதிகூட நடக்கவில்லை. உலகில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயில் சாகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். நிறையப் பேர் குழந்தைகள், நிறையப் பேர் நடந்து வேலைக்குப் போகும் ஏழைகள். காருக்குள் இருந்துகொண்டு தெருநாய்க்கு வக்காலத்து வாங்குவது எளிது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தில்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்றது. 11 நாள் கழித்து மூன்று நீதிபதி அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவு வந்தது. எந்தக் காப்பகம்? 1834-இல் பம்பாய் வணிகர்கள் பணத்தைக் கொட்டியும் சமாளிக்க முடியாமல் போன அதே ஏற்பாடு.

இதற்கு நடுவில் அக்கா கேட்ட நாய் வேறு வகை. அது தெருவில் பிறந்ததில்லை, காசு கொடுத்து வாங்கியது. 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கியது. சப்பை மூக்கு, நம்மூர் வெயிலில் மூச்சு வாங்கும், கண்ணில் புண், தோலில் அரிப்பு. வைத்தியச் செலவு தெரிந்ததும் பல நாய்கள் தெருவுக்கு வந்தன. பிறகு சைபீரியன் ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கும் நாய், வளசரவாக்கத்தில் மூன்றாவது மாடி பால்கனியில். தெருநாயாவது பொறுக்கித் தின்று பிழைக்கும். வீட்டுநாய் கொண்டுவிட்ட இடத்திலேயே உட்கார்ந்து, அதே நிற கார் வரும்போதெல்லாம் எழுந்து பார்க்கும். காப்பகத்தில் சோற்றைத் தொடாமலேயே கிடக்கும் நாய்களில் பெரும்பாலானவை இவைதான் என்பார்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். கிழட்டு வீட்டுநாயை எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை. எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். அதிலும் நாட்டுக்குட்டி வேண்டாம். 'லேப் இருக்கா சார்?'

அக்காவிடம் காம்பேயையும் பேட்டர்சீயையும் சொல்லவில்லை. காப்பகம் எதுவும் 11 வயது நாயை வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டாலும் ரோஸி சாப்பிடாது என்று மட்டும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப என்னதான்டா பண்றது? அந்த அபார்ட்மென்ட்ல நாய் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க."

அப்படி யாரும் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைத் தேடி எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அவன் சங்கத்துக் கூட்டத்தில் அதைப் படித்துக்காட்டி இரண்டு மாதம் சண்டை போட்டான். இப்போது ரோஸி ஆறாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் தரையில் விடக்கூடாது, கையில் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. அத்தானுக்கு முழங்கால் வலி, குனிந்து தூக்க முடியாது. அதனால் தினமும் காலை ஐந்தரைக்கு அக்கா அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறாள். இன்னொரு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருக்கிறதாம்.